அத்தியாயம் 6: ஆறுதலாக ஆறும் காயம்

தொடையிலோ தோளிலோ வந்த மென்திசுப் புற்றுக்குச் சிகிச்சை முடித்து வீடு வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள், கொண்டுவந்த தோடம்பழத்தை மேசையில் வைத்துவிட்டுக் கேட்பது ஒன்றுதான்: "புண் இன்னும் மாறேல்லையோ?" பக்கத்து வீட்டில் அப்பெண்டிக்ஸ் வெட்டினவர் சில கிழமையில் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார். இவருக்கோ இரண்டு மாதமாக மருந்து கட்டுகிறார்கள். உடனே காரணங்கள் வரிசையாக வரும். தையல் சரியில்லை, டொக்டர் புதிசு, கணவாய் தின்றிருப்பார், நாவூறு.

பெரும்பாலும் இவை எதுவும் காரணமில்லை. அந்த இடத்தில் கதிர்ச்சிகிச்சையின் கதிர் பட்டிருக்கிறது. கதிர் பட்ட தசையும் தோலும் மற்ற இடங்களைப் போல ஆறுவதில்லை. அப்படி ஆறவேண்டும் என்று எதிர்பார்த்து அவசரப்படுகிற வீடுகளிலும், "இது இப்படித்தான்" என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு இருந்துவிடுகிற வீடுகளிலும்தான் காயம் கெட்டுப்போகிறது.

ஏன் கதிர் கொடுக்கிறார்கள்

தசை, கொழுப்பு, நரம்பின் உறை, இரத்தக்குழாய்ச் சுவர் போன்றவற்றில் தோன்றும் புற்றுக்குச் சார்க்கோமா என்று பெயர். வளர்ந்தவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது நூற்றுக்கு ஒன்று அளவுதான். கூடுதலாக வரும் இடம் தொடை. நோவில்லாத கட்டியாக வளர்வதால், சைக்கிளில் விழுந்த அடி என்றும் கொழுப்புக்கட்டி என்றும் நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். வைத்தியசாலைக்குப் போகும்போது கட்டி பெரிதாகியிருக்கும்.

ஒரு காலத்தில் இதற்கு வைத்தியம் காலை எடுப்பதுதான். காலை எடுப்பது என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. போரில் கால் இழந்தவர்களுக்கு ஜெய்ப்பூர்ச் செயற்கைக் கால் பொருத்தும் நிலையத்தை 1987இலேயே தொடங்க வேண்டியிருந்த ஊர் இது. சார்க்கோமாவில் அந்த நிலைமை மாறியதற்கு ஒரு சிறிய ஆய்வு முக்கிய காரணம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பேர்க்கும் அவருடைய குழுவினரும் 43 நோயாளரை எடுத்து, 16 பேருக்குக் காலையோ கையையோ அகற்றினார்கள். 27 பேருக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர் கொடுத்தார்கள். உயிர் தப்பியதில் இரண்டு பகுதிக்கும் வேறுபாடு தெரியவில்லை. 1982இல் இதை வெளியிட்டார்கள். ஆகவே இன்று உங்கள் வீட்டில் ஒருவர் ஆறாத காயத்தோடு சாய்மனைக் கதிரையில் இருக்கிறார் என்றால், அந்தக் கதிர்தான் அவருடைய காலைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. காயம் அதற்குக் கொடுத்த விலை. விலை கூடுதல்தான், ஆனால் பெரும்பாலும் காயம் மூடிவிடும். எடுத்த கால் திரும்ப வராது.

கதிரைச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் கொடுக்கலாம், பின்னும் கொடுக்கலாம். எது நல்லது என்று கனடாவில் பிரையன் ஓ'சலிவன் தலைமையில் 190 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2002இல் முடிவு வெளிவந்தது. முதலில் கதிர், பிறகு வெட்டு என்று செய்தவர்களில் 35 வீதத்தினருக்குக் காயப் பிரச்சினை வந்தது. முதலில் வெட்டு, பிறகு கதிர் என்று செய்தவர்களில் 17 வீதம். காலில் வந்த கட்டிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் 43 வீதம், 21 வீதம். கையில் அனேகமாக ஒன்றுமில்லை. இதைக் கேட்டவுடன் "அப்படியென்றால் பிறகு கொடுத்திருக்கலாமே" என்று கோபம் வரும். ஆனால் முன்னே கொடுத்தால் 50 கிறே (கதிரை அளக்கும் அலகு) போதும், பின்னே கொடுத்தால் 66 கிறே வேண்டும், கதிர் படும் பரப்பும் பெரிது. அந்தக் கூடுதல் கதிரின் கணக்கு இரண்டு வருடம் கழித்து வருகிறது: தசை இறுகுதல், மூட்டு மடங்காமை, கால் வீக்கம். முன்னே கொடுத்தால் சில மாதத்து மருந்து கட்டு, பின்னே கொடுத்தால் வாழ்நாள் முழுக்க முழங்கால் விறைத்துப்போகும் ஆபத்துக் கூட. 40 வயதுத் தோட்டக்காரருக்கு எது பாரமானது என்று யோசித்துப் பாருங்கள். என் கணக்கில், காலில் வந்த பெரிய கட்டிக்கு முன்னே கொடுக்கச் சொல்லும் டொக்டரோடு வாதாட வேண்டியதில்லை. காயம் ஆறுதலாக ஆறும் என்பதை மட்டும் அவரிடம் முதலே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

உள்ளே நடப்பது

வெட்டிய இடம் மூடுவதற்குப் புதிய கலங்கள் பிறக்க வேண்டும், அவற்றுக்கு இரத்தம் வர வேண்டும். கதிர் இரண்டையும் குறைக்கிறது. நார் நெய்து காயத்தை இழுத்துப் பிடிக்கும் கலங்கள் சாகாவிட்டாலும் பெருகும் வலுவை இழக்கின்றன. சிறிய இரத்தக்குழாய்களின் உட்சுவர் தடிக்கிறது, துவாரம் ஒடுங்குகிறது. வெங்காயப் பாத்திக்குப் போகும் வாய்க்கால் தூர்ந்த மாதிரி: கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மெசினும் ஓடுகிறது, கடைசிப் பாத்திக்கு மட்டும் போய்ச் சேராது. அதனால்தான் இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கும் ஒருவருக்கும் காயத்தின் நடுப்பகுதி கறுத்துச் சாகிறது.

இரத்தம் போகாத இடத்துக்கு அன்ரிபயோற்றிக்கும் சரியாகப் போகாது. "மாத்திரை குடித்தும் கேட்கவில்லை" என்ற முறைப்பாட்டில் பாதிக்கு இதுதான் விளக்கம்.

எல்லோருக்கும் ஒரே அளவில் இது வராது. தொடையின் மேற்பகுதி, கவட்டுக்குக் கிட்ட, 10 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கட்டி, தோலை முட்டிக்கொண்டிருந்த கட்டி, நீரிழிவு, புகைத்தல், மிகுந்த உடற்பருமன்: இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் காயம் கட்டாயம் முரண்டு பிடிக்கும் என்று நினைத்தே ஆயத்தப்படுத்துங்கள்.

கதிர் முடிந்து வெட்டும் நாள் வரை

ஊரில் "கரண்ட் பிடிக்கிறது" என்று சொல்லும் கதிர்ச்சிகிச்சை வழமையாகக் கிழமைக்கு ஐந்து நாள் என்று ஐந்து கிழமை நடக்கும், 25 தடவை. முடிந்தபின் நாலு முதல் ஆறு கிழமை பொறுத்துத்தான் சத்திரசிகிச்சை. இந்த இடைவெளி தற்செயல் இல்லை. அதற்கு முந்தினால் தோல் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். மிகவும் பிந்தினால் இறுக்கம் தொடங்கிவிடும். ஆகவே கிளினிக் திகதியைக் கலியாணத்துக்காகவோ திருவிழாவுக்காகவோ தள்ளிப்போடாதீர்கள். அறிவிக்கப்பட்ட திகதி பிந்துகிறது என்றால் போய்க் கேளுங்கள்.

தோல் எரிவு இரண்டாம் மூன்றாம் கிழமையில் தொடங்கி, கதிர் முடிந்து ஒன்றிரண்டு கிழமையில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணியும். புத்தகங்கள் "சிவக்கும்" என்று எழுதியிருக்கும். எங்களுடைய தோலில் சிவப்பைத் தேடினால் கண்டுபிடிக்க மாட்டீர்கள். கறுக்கும், மினுங்கும், சுடும், பிறகு உரியும். கவட்டு மடிப்பில் தோல் ஈரமாக உரிந்தால் அன்றே காட்டுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீர், மணம் குறைந்த சவர்க்காரம், ஒற்றித் துடைக்க மெல்லிய துணி, இவ்வளவுதான் அந்த இடத்துக்கு. மஞ்சள், வேப்பிலைப் பற்று, நல்லெண்ணெய், பாம் வகைகள், ஒத்தடம் எதுவும் வேண்டாம். இறுக்கமான காற்சட்டையைவிடச் சாரம் நல்லது, ஆனால் சாரத்தின் தையல் கரை தொடையில் உராயாமல் பாருங்கள்.

புகைக்கிறவருக்கு இந்த இடைவெளிதான் கடைசிச் சந்தர்ப்பம். சுருட்டும் பீடியும் சிகரெற்றும் ஒன்றுதான்: நிக்கொட்டின் ஏற்கனவே ஒடுங்கிய குழாயை இன்னும் ஒடுக்கும், புகையிலுள்ள காபன் மொனொக்சைட் இரத்தத்தில் ஒட்சிசனுடைய இடத்தைப் பிடிக்கும். வெட்டுவதற்கு நாலு கிழமைக்கு முன்னாவது நிறுத்த வேண்டும். வெற்றிலையோடு போடும் புகையிலைக்கும் இதே சட்டம்தான். அப்பு அறுபது வருடமாகக் குடிக்கிற சுருட்டை நிறுத்தச் சொல்லி வீட்டுக்காரர் சொன்னால் கேட்கமாட்டார். கிளினிக்கில் டொக்டரைக் கொண்டு அவர் முகத்துக்கு நேரே சொல்லுவியுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர் இந்தக் கிழமைகளில் சீனியை 180ஐத் தாண்டவிடாமல் வைத்திருக்க வேண்டும். மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசிக்கு மாறச் சொன்னால் பயப்பட வேண்டாம். காயம் ஆறும் வரைக்குமானதாகவும் அது இருக்கலாம்.

இன்னொரு வேலை. கதிர் கொடுக்கும் இடத்தைத் தோலில் கோடு கீறிக் குறித்திருப்பார்கள். அது அழிவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த இடம், மொத்தம் எத்தனை கிறே, எத்தனை தடவை, எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்பதை டயக்னோசிஸ் காட்டில் எழுதித் தரும்படி கேட்டு, ஒரு கொப்பியிலும் பதிந்து வையுங்கள். குடாநாட்டில் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிரதான இடம் தெல்லிப்பழை. அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலை, 2011 ஜூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணத்தில் எழும்பியது. ஆனால் சார்க்கோமா அரிதானது என்பதால் ஒருவருக்கே கதிர் ஓரிடத்தில், வெட்டு இன்னோரிடத்தில், சில வேளை மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில், மருந்து கட்டு வீட்டுக்குக் கிட்டவுள்ள பிரதேச வைத்தியசாலையில் என்று பிரிந்து போகும். மூன்று இடத்தையும் இணைப்பது உங்கள் கையிலுள்ள கொப்பி மட்டும்தான்.

வாட்டில்

சத்திரசிகிச்சை முடிந்து வரும்போது காயத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாயும் போத்தலும் தொங்கும். கட்டி இருந்த வெற்றிடத்தில் ஊறும் நீரை அது வெளியே எடுக்கிறது. வேறு சத்திரசிகிச்சைகளில் இரண்டு மூன்று நாளில் கழற்றுவார்கள். இங்கே நாளாந்த அளவு 30 மில்லிலீற்றர் அளவுக்கு இறங்கும் வரை வைத்திருப்பது வழக்கம், அது கிழமைக்கணக்காகலாம். குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். அளவு படிப்படியாக இறங்க வேண்டும். திடீரென்று நின்றால் குழாய் அடைத்திருக்கும், திடீரென்று கூடினால் அதையும் சொல்ல வேண்டும்.

தையலையும் பத்தாம் நாளில் வெட்டச் சொல்லி நிற்காதீர்கள். கதிர் பட்ட தோலில் இரண்டு மூன்று கிழமையோ அதற்கு மேலோ விட்டு, ஒன்றுவிட்டொன்றாகத்தான் வெட்டுவார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் தையல் வெட்டப் போனால், வெட்டுகிறவருக்கு முதலில் சொல்ல வேண்டியது: "இதில கதிர் பிடிச்சது."

வீட்டில்

மருந்து கட்டு எத்தனை நாளுக்கு ஒருமுறை, எதைக்கொண்டு என்பதை வெட்டிய குழு சொல்ல வேண்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரத் தாதியோ பிரதேச வைத்தியசாலைத் தாதியோ அதைச் செய்யலாம். வீட்டில் செய்யச் சொன்னால் சில விஷயங்களைக் கவனியுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காமல் சேலைன் விட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். பிளாஸ்ரரைக் கதிர் பட்ட தோலில் ஒட்டவே கூடாது, இழுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். பன்டேஜ் சுற்றி அதன் மேல் ஒட்டுங்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெரொக்சைட், டெற்றோல் ஆகியவை கிருமியோடு சேர்த்துப் புதிதாகப் பிறக்கும் கலத்தையும் கொல்லும். நுரை பொங்குவதைப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் பலர். காயத்துக்கு அந்தத் திருப்தி இல்லை.

மேலோட்டமான புண்ணைக் கழுவக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பாவிக்கலாம். ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு, அதாவது மட்டம் தட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி. ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். தீவுப்பகுதியில் கிணறு ஏற்கனவே உவராக இருந்தால் இந்தக் கணக்குச் சரிவராது, வைத்தியசாலைச் சேலைனே நல்லது. குழியாக உள்ளே போகும் காயத்துக்கும் அப்படித்தான். சோளகம் அடிக்கும் மாதங்களில் கட்டை முற்றத்தில் வைத்து மாற்றாதீர்கள். செம்மண் புழுதியும் இலையானும் அரை நிமிடத்தில் வந்து உட்காரும். வலையோ கதவு மூடிய அறையோ வேண்டும்.

உடம்பு அசைவில் எங்களுடைய வழக்கங்களே கொஞ்சம் எதிரி. சப்பாணி கட்டி இருப்பதும், குந்தி இருப்பதும், நிலத்திலிருந்து கையூன்றி எழும்புவதும் தொடைத் தையலை அப்படியே இழுத்துப் பிரிக்கும். குந்து கழிப்பறை உள்ள வீட்டில் சத்திரசிகிச்சைக்கு முன்னமே ஒரு கொமட் கதிரை எடுத்து வையுங்கள். மறுபக்கம், ஒரே கிடையாகக் கிடப்பதும் ஆபத்து. கெண்டைக்காலில் இரத்தம் உறையும், முழங்கால் பிடிக்கும். பிசியோதெரப்பி சொல்லித்தந்த அளவுக்குள் ஒவ்வொரு நாளும் அசைக்க வேண்டும். நெடுந்தீவில் இருந்து வருகிறவர்களுக்கு ஒரு யோசனை: முதல் ஆறு கிழமைக்குக் குடாநாட்டுக்குள்ளேயே ஒரு சொந்தக்காரர் வீடு பாருங்கள். குறிகாட்டுவான் போட்டில் ஏறி இறங்கும் அந்த எட்டு ஒன்றே போதும் காயம் பிரிய. இரவில் இரத்தம் கசிந்தால் கடலும் குறுக்கே நிற்கும்.

சாப்பாடு

இந்த அத்தியாயத்தில் நான் சண்டை பிடிக்க ஆயத்தமாக இருக்கும் இடம் இதுதான். காயம் உள்ளவருக்கு மீனும் முட்டையும் கொடுக்கக் கூடாது, கிரந்தி, சிதல் கட்டும் என்று சொல்லி, இடிசம்பலும் சோறும் இரசமும் கொடுத்து ஒருவரை மெலியவைக்கும் பத்தியம் கதிர் பட்ட காயத்துக்கு நஞ்சு. புதிய தசை புரதத்தில் இருந்துதான் வருகிறது. காயம் ஆறும் காலத்தில் உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. 55 கிலோ உள்ளவருக்கு 66 முதல் 82 கிராம். சோறும் இரசமும் மட்டும் அதற்குப் போதவே போதாது.

கணக்கு இப்படி வரும். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு, 50 கிராம் பருப்பில் 12, ஒரு கிளாஸ் பாலில் 6. காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் விளைமீனோ பாரையோ 150 கிராம், ஒரு பருப்புக்கறி, இரவுக்குப் பால் என்றால் 60 வந்துவிடும். மிச்சத்தைச் சோறும் பயறும் நிரப்பும். விலை கூடின மீன் வேண்டியதில்லை. சூடையும் நெத்தலியும் அதே வேலையைச் செய்யும். பிள்ளைப்பெத்த பெண்ணுக்குச் சுறா வறை கொடுக்கிற ஊரில், வெட்டுக் காயத்துக்கு மட்டும் மீன் ஆகாது என்பது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கணவாயோ நண்டோ ஒருவருக்கு உண்மையிலேயே உடம்பில் தடிப்பும் கடியும் தருமென்றால் அது அலர்ஜி, அதை மட்டும் விடட்டும்.

சைவ வீடுகளில் உழுந்து, பயறு, கௌபி, கடலை, சோயா, பால், தயிர் என்று நாளுக்கு நாலு தடவை பிரித்துக் கொடுக்க வேண்டும். முருங்கையிலை வறையும் நெல்லிக்காயும் தோடம்பழமும் சேரட்டும். கந்தசஷ்டி உபவாசம் இந்த வருடம் வேண்டாம். வேறொருவர் அவருக்காகப் பிடிக்கலாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர் மட்டும் புரத அளவை டொக்டரிடம் கேட்டபின் கூட்டட்டும்.

எதைக் கண்டு ஓட வேண்டும்

ஆறுதலாக ஆறுவது வேறு, கெட்டுப்போவது வேறு. ஆறுதலாக ஆறும் காயம் கிழமைக்குக் கிழமை கொஞ்சமாவது சிறுக்கும், அடி இளஞ்சிவப்பாக இருக்கும், நீர் குறையும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து ஒரு படம் எடுங்கள். மூன்று கிழமைப் படத்தில் மாற்றமே இல்லையென்றால் அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் போக வேண்டும்.

விளிம்பு ஊதாவாகிக் கறுத்தால், மூடியிருந்த தையலிடையே இளஞ்சிவப்பு நீர் திடீரென்று குபுக்கென வந்தால், மணம் மாறினால், 38 பாகை காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் அன்றைக்கே போங்கள். கதிர் பட்ட இடத்தில் கிருமி பிடித்தாலும் வழமையான சிவப்பும் வீக்கமும் சூடும் பெரிதாகத் தெரியாமல் போகலாம். நோ கூடுவதும் நீர் கூடுவதுமே சில நேரம் ஒரே அறிகுறி. ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் நொந்தால், அல்லது மூச்சு வாங்கினால், அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். கவட்டுக் காயத்திலிருந்து பளிச்சென்ற சிவப்பு இரத்தம் பாய்ந்தால் சுத்தமான துணியை மடித்து உள்ளங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசில்லை. ஓட்டோ பிடிக்கப் போய் அமத்துகிற கையை எடுக்காதீர்கள்.

தோலுக்குக் கீழே நீர் கட்டி மெத்தென்று பொங்கினால் ஊசியால் குத்தி எடுக்க யாரையும் விடக்கூடாது, வெட்டிய குழுவைத் தவிர. சிறியது தானே வற்றும். குத்தும் ஊசி கிருமியை உள்ளே கொண்டுபோகும்.

பிரிந்த காயத்துக்கு

காயம் பிரிந்துவிட்டால் சிகிச்சை தோற்றது என்று அர்த்தமில்லை. புற்று போனதா என்பதும் காயம் மூடியதா என்பதும் வேறு வேறு. செத்த தசையை வெட்டி எடுப்பார்கள், சில வேளை ஒரு தடவைக்கு மேல். காயத்தில் பஞ்சு வைத்து மூடி மெசினால் உறிஞ்சும் வெற்றிடக் கட்டு, நீரை எடுத்து இரத்த ஓட்டத்தைத் தூண்டும். பெரிய இரத்தக்குழாய் தெரியும் காயத்துக்கும் புற்று மிச்சமிருக்கும் காயத்துக்கும் அதைப் பூட்டமாட்டார்கள்.

இவை போதாவிட்டால் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் வருவார். தொடையிலிருந்து மெல்லிய தோல் சீவி ஒட்டுவது கதிர் பட்ட அடித்தளத்தில் பிடிப்பது கடினம், ஒட்டிய தோலுக்குக் கீழேயிருந்து இரத்தம் வர வேண்டுமே. அதனால் தன் இரத்தக்குழாயோடு சேர்த்து ஒரு தசை மடலைக் கதிர் படாத இடத்திலிருந்து திருப்பிக் கொண்டுவருவார்கள்: கவட்டுக்கு வயிற்றுத் தசை, முழங்காலுக்குக் கெண்டைத் தசை. அது தன் சாப்பாட்டைத் தானே கொண்டுவருகிறது. கட்டி பெரிதென்று முன்னமே தெரிந்தால், வெட்டும் அன்றே மடல் வைத்து மூடுவது நல்ல திட்டம். "இதுக்கு மடல் தேவைப்படுமோ, அதைச் செய்கிறவர் அன்று இருப்பாரோ" என்று சத்திரசிகிச்சைக்கு முன் கேட்பது மரியாதைக் குறைவில்லை. மடல் வைத்த முதல் நாள்களில் அதன் நிறம்தான் எல்லாம். வெளிறினாலும் நீலித்தாலும் நடு இரவென்று பார்க்காமல் தாதியை எழுப்ப வேண்டும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து சொந்தங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் யோசனைகளில் அதியழுத்த ஒட்சிசன் அறை அடிக்கடி வரும். ஒன்றரை மணித்தியாலம் அழுத்தத்தில் ஒட்சிசன் சுவாசிப்பது, 20 முதல் 40 தடவை. கதிர் பட்ட தாடை எலும்பு போன்ற சில இடங்களில் இது உதவலாம் என்று சான்று இருக்கிறது. கை கால் மென்திசுக் காயத்துக்கு அந்தச் சான்று மெலிந்தது. நல்ல மடல் ஒன்று செய்யக்கூடிய நிலையில் இதற்காகக் காணியை ஈடு வைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

வருடங்கள் கழித்து

காயம் மூடிவிட்டது, ஆள் சந்தைக்குப் போகிறார், கிளினிக் வருடத்துக்கு இரண்டு தடவை. கதிர் பட்ட இடம் இப்போதும் கதிர் பட்ட இடம்தான். குழாய்கள் ஒடுங்குவது வருடக்கணக்கில் தொடரும். ஒரு முள்ளுக் கீறல், மண்வெட்டித் தட்டு, நாய்க்கடி, ஊசிக்குத்து அங்கே புண்ணாகலாம். கதிர் பட்டது கையிலென்றால், இரத்தம் எடுக்க, சேலைன் ஏற்ற, தடுப்பூசி போட மற்றக் கையைக் கொடுங்கள். அந்த இடத்தில் பின்னாளில் எந்தச் சத்திரசிகிச்சை செய்வதானாலும், கொப்பியைக் காட்டாமல் கத்தி வைக்க விடாதீர்கள்.

சுகமானால் காவடி எடுப்பதாக நேர்த்தி வைத்தவர்கள் இருக்கிறார்கள். முதுகிலோ தோளிலோ கதிர் பட்டவர் செடில் குத்தக் கூடாது. நல்லூரில் பிரதட்டை செய்கிறவரும் வெறும் மேலோடு சுடுமணலில் உருளும்போது கதிர் பட்ட தோல் உராய்ந்து கழன்றால் மாதக்கணக்கில் ஆறாது. பாற்காவடியோ கற்பூரச்சட்டியோ எடுக்கலாம். குருக்களிடம் கேட்டால் அவரும் மாற்று வழி சொல்வார்.

மூடிய இடத்தில் வருடங்கள் கழித்துக் காரணமில்லாமல் புண் திறந்தால் அதை வெறும் கதிர்ப் புண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய புற்று திரும்பியிருக்கலாம், அரிதாகக் கதிரினாலேயே புதியதொன்று வந்திருக்கலாம். ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டிவரும். துண்டு எடுத்த இடமும் ஆற மறுக்கும் என்பதால், எங்கே எப்படி எடுப்பது என்று முதலில் வெட்டிய குழுவே தீர்மானிக்கட்டும்.

கடைசியாக எலும்பு. 60 கிறேயைத் தாண்டிய கதிரும், கட்டியோடு சேர்த்து எலும்பின் மேலுறையைச் சுரண்டியதும் சேர்ந்தால், தொடையெலும்பு சில வருடங்களில் பலமிழக்கலாம். பெண்களுக்கு இது கூடுதல். விழாமலே, கட்டிலிலிருந்து எழும்பும்போதே முறியலாம். அதற்கு முன் பல கிழமை தொடையில் ஆழமாக ஒரு நோ இருக்கும், நடக்கும்போது கூடும். அந்த நோவுக்கு முறிவு நெரிவு வைத்தியரிடம் போய் எண்ணெய் பூசிப் பிடித்துவிட வேண்டாம். எக்ஸ்ரே எடுக்கும் வரை அந்தக் காலில் பாரம் கொடுக்காமல் இரண்டு ஊன்றுகோலோடு நடக்கட்டும். முறிவதற்கு முன் கண்டுபிடித்தால் உள்ளே கம்பி வைத்துத் தாங்கலாம். முறிந்தபின் கதிர் பட்ட எலும்பு பொருந்துவதற்கு மாதங்கள் பிடிக்கும், சில வேளை பொருந்தாமலே போகும்.